சுர்ரு ஏணி

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாள். "மெயின் அக்கா" என்றால்தான் திரும்புவாள். எந்த வீட்டுக்கு வயரிங் வேலைக்குப் போனாலும் முதல் வார்த்தை "மெயினை அணைங்க" என்பதுதான். சௌக்கியமா, பிள்ளைகள் எப்படி என்பதெல்லாம் அப்புறம். பேர்தான் எலக்ட்ரீஷியன், கரண்டைக் கண்டால் அவளுக்குப் பயம். கூட வேலை கற்றவன் ஒருவன், "லைன் செத்துப்போச்சு, தொடலாம்" என்று சொல்லித் தொட்ட கம்பியோடு அவள் கண்ணெதிரிலேயே போய்ச் சேர்ந்தான். அன்றைக்குப் பிடித்த பயம் அது. விட்டுப் போகவே இல்லை.

வீட்டில் இன்னும் மோசம். மகள் ஈரக்கையோடு சுவிட்சுப் பக்கம் போனால் போதும், அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போடுவாள். ஒருநாள் மிக்ஸி லேசாகப் புகைந்தது என்று அதைத் தூக்கிக் குப்பையிலேயே போட்டுவிட்டாள். அண்ணனுக்கு இதெல்லாம் கேலிக்குத் தீனி. "இவளை விட்டா டார்ச் லைட்டுக்கே மெயினை அணைக்கச் சொல்லுவா" என்பான்.

அந்த அண்ணன்தான் தன் வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் நீச்சல் தொட்டி ஒன்றை நிறுத்தினான். பள்ளம் தோண்டாமல், இரும்புத் தகட்டை வட்டமாக வளைத்து, உள்ளே ஷீட் விரித்துத் தண்ணீர் நிரப்புகிற ரகம். தொட்டியின் சுவர், ஏணி, பம்ப், சுற்றியுள்ள மண் எல்லாவற்றையும் வெறும் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்துக் கொடுத்தது அவள்தான்.

"எங்கயாவது கரண்ட் கசிஞ்சாலும் எல்லாத்துலயும் ஒரே அளவா நிக்கும்ண்ணா. கை ஏணியில, கால் மண்ணுல இருந்தாலும் நம்ம உடம்பு வழியா பாயாது."

"சரி தாயே" என்று கும்பிடு போட்டான் அண்ணன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுச் சமையலறையில் அண்ணியோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகளின் சிரிப்பு. அண்ணன் மகன் ஈரப்புல்லில் வெறுங்காலோடு நின்று, ஏணியை ஒரு விரலால் தொட்டான். தொட்டதும் கையை உதறிக்கொண்டு சிரித்தான்.

"என்ன அண்ணி பண்றான்?"

"அதுவா, சுர்ரு ஏணி. தொட்டா சுர்ருங்குதாம். யாரு ரொம்ப நேரம் பிடிக்கிறாங்கன்னு போட்டி."

கையிலிருந்த தட்டு சிங்க்கில் விழுந்தது. அவள் மகள் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த முறை அவளுடையது போலிருக்கிறது, ஏணியைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

மெயின் அக்கா புல்தரைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தொண்டை வரைக்கும் அலறல் வந்துவிட்டது. அலறினால் என்ன ஆகும்? அம்மா திட்டுகிறாள் என்று பயந்து பிள்ளை நேரே ஏணியைத்தான் பிடிக்கும். பல்லைக் கடித்து அலறலை விழுங்கினாள்.

"கண்ணு, நடுவுல போய் நில்லு. எதையும் தொடாத. அம்மா ஒரு வேடிக்கை காட்டுறேன்."

"என்ன வேடிக்கை?"

"நில்லு, சொல்றேன்." அண்ணன் மகனைத் தோளைப் பிடித்து வெகுதூரம் இழுத்துவிட்டாள். "அண்ணா, மெயினை அணை."

நாற்காலியில் சாய்ந்திருந்த அண்ணன், "ஆரம்பிச்சுட்டாய்யா" என்று சிரித்தான். எழுந்திருக்கவில்லை. மகள் தண்ணீரில் நெளிந்தாள். குளிருது என்றாள், வெளியே வரட்டுமா என்றாள், ஏணிப் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

"அண்ணி!"

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அண்ணி எதுவும் கேட்காமல் முன்வாசலுக்கு ஓடினாள். வீட்டுக்குள் ஓடிய டிவி நின்றது. பம்பின் முனகல் நின்றது. அதற்குப் பிறகும் மெயின் அக்கா ஏணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் டெஸ்டரை எடுத்து வைத்தாள், புறங்கையால் தட்டினாள். பிறகுதான் மகளைத் தூக்கி வெளியே எடுத்தாள்.

பம்பின் பக்கத்தில் செம்புக் கம்பி இல்லை. வெட்டி, அழகாகச் சுருட்டி, சாமான் அறையின் ஆணியில் மாட்டியிருந்தது.

"புது பம்ப் வெச்சப்ப இடைஞ்சலா இருந்துச்சு" என்றான் அண்ணன். அவன் முகம் வெளுத்திருந்தது. "அதுல கரண்டே வரலியே, சும்மா கிடக்கிற கம்பிதானேன்னு நெனச்சேன். பம்ப் ஓடினா பிரேக்கர் அடிக்கடி ட்ரிப் ஆகி கரண்டை நிறுத்துச்சு, அதான் பிரேக்கர் இல்லாத வேற பாயிண்ட்ல சொருகினேன்."

மெயின் அக்கா துண்டில் சுருண்டிருந்த மகளின் முன்னால் மண்டியிட்டாள்.

"எத்தனை நாளா சுர்ருங்குது?"

"லீவு விட்டதுலேருந்து."

"ஒவ்வொரு வாரமும் நானும்தானே இங்க வர்றேன். ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

மகள் துண்டின் நுனியைத் திருகினாள். "சொன்னா நீ பயந்துடுவம்மா. மிக்ஸியைத் தூக்கிப் போட்ட மாதிரி இதையும் பிரிச்சுப் போட்டுடுவ. அதான் யாரும் உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு பேசி வெச்சுக்கிட்டோம்."

மெயின் அக்காவுக்கு உறைத்தது. ஊருக்கெல்லாம் பயத்தைச் சொல்லிச் சொல்லி, பெற்ற பிள்ளை வாயைத்தான் அடைத்து வைத்திருக்கிறாள். கைகள் அப்போதுதான் நடுங்கத் தொடங்கின. மகளுக்குத் தெரியக் கூடாதென்று அவற்றைத் துண்டுக்கு அடியில் நுழைத்துக்கொண்டாள்.

"இனிமே எது சுர்ருன்னாலும் எங்கிட்ட வந்து சொல்லு. நான் பயப்பட மாட்டேன்" என்றாள்.

மகள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு துண்டுக்கு அடியில் கையை விட்டு, அம்மாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிம்மா" என்றாள்.