சாரலை நம்பிப் போட்ட தளம்

என் கொழுந்தன் பெண்டாட்டிக்குப் பொறாமைப்படத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் அந்த வேலை முழுக்க என் தலையில்தான் விழுந்தது. நானும் குறை வைக்காமல் செய்துகொண்டுதான் வருகிறேன்.

இலஞ்சியில் மாமனார் விட்டுப்போன வயலை அண்ணனும் தம்பியும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு, பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டினோம். என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். கொழுந்தன் சவூதியில் இருப்பதால் அந்த வீட்டுக் கட்டுமானத்தை அவள்தான் நின்று பார்த்தாள். ஒரே கொத்தனார், ஒரே சிமெண்ட், ஒரே லாரியில் வந்த ஜல்லி. வெயில் காலத்தில் பார்த்தால் இரண்டு வீடும் ரெட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். சாரல் காலத்தில் மட்டும் யாரும் வந்து பார்க்கக் கூடாது.

என் வீட்டு மாடி அறையை என் மகளுக்காகக் கட்டினேன். அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. இருந்தாலும் நான் கணக்குப் போட்டுவிட்டேன்: எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாலும் தலைப்பிரசவத்துக்கு இங்கேதான் வருவாள், ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், பேரனோ பேத்தியோ இந்த அறையில்தான் தொட்டிலில் ஆடும். தளத்துக்குக் கம்பி கட்டும்போதே தொட்டில் கொக்கி ஒன்றை வாங்கி, மஞ்சள் பூசி, நானே கம்பியோடு சேர்த்துக் கட்ட வைத்தேன். கொழுந்தன் வீட்டில் பிள்ளை இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவளைவிட நான் ஒரு படி மேல் என்ற நினைப்பு எனக்கு உண்டு. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

அவள் திருவேங்கடத்துப் பக்கத்துக்காரி. கரிசல் காட்டில் பிறந்தவள். அங்கே கோடையில் மண் வாயைப் பிளக்கும், கூடவே சுவரும் பிளக்கும். அதனால் அவளுக்கு எந்த மண்ணைக் கண்டாலும் சந்தேகம். அஸ்திவாரம் தோண்டும்போது, "வயக்காட்டு மண்ணும் களிதான்க்கா. தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். ஆழத்துக்குத் தூண் இறக்கி மேல பீம் ஓட்டிருவோம்" என்றாள். கொத்தனார் தலையாட்டினார். என் வீட்டுக்காரர் அதற்கு மேல் தலையாட்டினார். "உன்ன மாதிரி விவரம் தெரிஞ்ச ஆளு வேணும்மா" என்று வேறு சொன்னார். முப்பது வருஷமாக இவரோடு குப்பை கொட்டுகிறேன், என்னைப் பார்த்து ஒரு நாள் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. இரண்டு வீட்டுக்கும் பீம் ஓடியது. இன்று வரை இரண்டு வீட்டுச் சுவரிலும் ஒரு வெடிப்பு இல்லை. அந்தப் பெயரும் அவளுக்கே போனது.

ஆடி பிறக்குமுன் மாடி அறைக்கு மேல்தளம் போட்டுவிட வேண்டும் என்று ஆனிக் கடைசியில் நாள் குறித்தோம். முதல் நாள் என் வீடு, மறுநாள் அவள் வீடு. மேகம் மலையை மூடியிருந்தது. சாரல் வருவதும் நிற்பதுமாக இருந்தது. கணவாய்க் காற்றோ தலையில் கட்டிய துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. வேலைக்காரர்களுக்கு நான் கறிச்சோறு போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிய கொத்தனார் என்னிடம், "அக்கா, சாக்க நனைச்சு தளத்து மேல மூடிருங்க. நாளைக்கு இறுகுனதும் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேல இருந்து ஊத்துதே, அது தண்ணி இல்லாம பன்னீரா? சாரல் காலத்துல காங்கிரீட்டுக்குத் தண்ணி ஊத்துதவன ஊர்ல எங்கனயாவது பாத்திருக்கீரா?"

பார்த்திருக்க மாட்டார். எங்கள் பக்கத்தில் யாரும் ஊற்ற மாட்டார்கள். சாரல் எங்கள் ஊர்ச் சொத்து. மற்ற ஊர்க்காரன் வண்டி கட்டிக்கொண்டு வந்து நனைகிற மழை எங்கள் மாடியில் சும்மா பெய்கிறது, அதற்கு மேல் குழாயைப் பிடிப்பார்களா?

அவள் பிடித்தாள். மறுநாள் அவள் வீட்டுத் தளம் போட்ட கையோடு, சாக்கை நனைத்து ஒரு இடம் விடாமல் மூடினாள். அடுத்த நாள் காலையில் பாத்தி கட்டினாள். சாரல் தூறிக்கொண்டிருக்க, ஒரு கையில் குடை, ஒரு கையில் ஓஸ் பைப்போடு மாடியில் நின்று தண்ணீர் விட்டாள். நான் என் மாடியிலிருந்து கத்தினேன்.

"ஏட்டி, குத்தாலத்துக்கே தண்ணி ஊத்துதியா?"

தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள். "சாரலு நனைச்சுட்டுப் போயிருதுக்கா. காத்துல்லா நின்னு ஈரத்தக் குடிக்கு" என்றாள்.

"வந்துட்டா பெரிய இஞ்சினியரு" என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிய முகம் என் தளத்தில் போய் நின்றது. அங்கே மயிரிழை மயிரிழையாக, நொறுங்கப்போகிற அப்பளத்தில் ஓடுகிற கோடு மாதிரி, மூலைக்கு மூலை வெடிப்பு ஓடியிருந்தது. கொத்தனார் வந்து சிமெண்ட் பாலைக் கரைத்து ஊற்றினார். "இப்பமாவது தண்ணி கட்டுங்கக்கா" என்று கெஞ்சினார். கட்டியிருக்கலாம். ஆனால் பக்கத்து மாடியில் தண்ணீர் பளபளவென்று நிற்கும்போது நானும் பாத்தி கட்டினால் அவள் சொன்னது சரியென்று ஆகிவிடாதா? நான் கட்டவில்லை.

இரண்டு சாரல் தாங்கியது. மூன்றாவது சாரலில் மாடி அறை மேல்தளத்தில் ஒரு ஈரத்திட்டு தெரிந்தது. அப்புறம் அது பெருத்தது. வருஷா வருஷம் கோடையில் ஒழுகாத பெயிண்ட் என்று எதையாவது வாங்கி அடிப்போம். ஆனி வந்ததும் உரியும். சுவர் பூசணம் பூத்துவிடும். அறைக்குள் போனால் நனைந்த கோணிச் சாக்கு வாடை வரும்.

சீசனுக்குக் குளிக்க வருகிற சொந்தக்காரர்கள் முன்பெல்லாம் என் வீட்டில்தான் தங்குவார்கள். மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போனார்கள். அவள் மாடிக் கொடியில் வரிசையாக ஈரத்துண்டு தொங்குவதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. கருவேப்பிலை கேட்கிற சாக்கில் அவள் வீட்டுக்குப் போவேன். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், நான் தலைக்கு மேலே மோட்டைப் பார்த்துப் பேசுவேன். ஒரு பொட்டு ஈரம்? ஒரு கோடு? ம்ஹும். பாழாய்ப்போன தளம் புது வேட்டி மாதிரி வெள்ளையாகக் கிடந்தது.

போன சாரலுக்கு என் மகள் சென்னையிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அவள் வருகிறாள் என்றதும் அறையைச் சுரண்டி, பட்டி பார்த்து, வெள்ளையடித்து, புது மெத்தை போட்டேன். இந்த ஒரு சாரல் மட்டும் தாங்கிவிடு என்று அந்தத் தளத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். என் பிள்ளை என் வீட்டில் பெற்றெழுந்து போக வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

முதல் பெருஞ்சாரலிலேயே குட்டு உடைந்தது. தண்ணீர் வேறு இடம் கிடைக்காத மாதிரி நேரே தொட்டில் கொக்கி வழியாக இறங்கியது. கொக்கி துருவேறிச் சிவந்திருந்தது. தொட்டில் தொங்க வேண்டிய இடத்துக்கு நேர் கீழே நான் ஒரு வாளியை வைத்தேன். கீழே இரண்டு அறைதான். அங்கேயும் ஈர வாடை இறங்கிவிட்டது. மகள் இருமினாள். சேதி தெரிந்து கொழுந்தன் பெண்டாட்டி வேலியோரம் வந்து நின்றாள்.

"அக்கா, பிள்ளைய எங்கூட்டு மாடில படுக்க வைங்களேன். சும்மாதான கெடக்கு."

"எதுக்கு? எங்கூட்டுக்கு என்ன வந்துச்சு?" என்றேன். உள்ளே வாளியில் சொட்டுகிற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

அன்று சாயந்தரம் மகளே கேட்டாள். "அம்மா, நான் சித்தி வீட்ல படுத்துக்கிடுதேன்."

"மோடு ஒழுகுனா பெத்தவ வேண்டாமோ?"

"நான் ஒழுகுதுன்னா சொன்னேன்? பிள்ளைக்கு ஆகாதும்மா."

என் வீட்டுக்காரர் மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார். நான் அடுக்களைக்குள் போய் ஒரு பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். அழுதேன். வேறென்ன செய்ய?

தென்காசி ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். ஆட்டோவை என் வாசலில்தான் நிறுத்தச் சொன்னேன், ஆலத்தியை என் வாசலில்தான் எடுத்தேன். அதை யாரும் தடுக்க முடியாதல்லவா? எடுத்து முடித்து, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, சாரல் படாமல் முந்தானையால் மூடி, அடுத்த வீட்டு வாசற்படி ஏறினேன்.

தொட்டில் கட்டுகிற அன்றைக்கு என் சேலை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். கொக்கி அவள் வீட்டில் இருக்காது, ஆணி அடித்துத்தான் கட்ட வேண்டும், அப்போது நாலு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். எத்தனை தடவை மோட்டைப் பார்த்திருக்கிறேன், அதெல்லாம் கீழ்வீட்டு மோடு. மாடி அறைக்குள், மகள் போய்ப் படுத்த பிறகுகூட, வீம்புக்கு நான் ஏறியதே இல்லை. அன்று ஏறிப் பார்த்தால் நடுமத்தியில் ஒரு கொக்கி. துரு இல்லை. அடியில் மஞ்சள் கறைகூட அப்படியே இருந்தது.

"இது எப்பம்ட்டி மாட்டுன?"

"மாட்டலக்கா. தளம் போடுறப்பவே வச்சது. நீங்க உங்க வீட்டுக்கு மஞ்ச பூசி வச்சதப் பாத்தேன்." ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். "அப்பம் நான் பிள்ளைக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருந்தேம்லா."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஸ்டூலில் ஏறி அந்தக் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, என் பாரம் முழுதும் கொடுத்து இழுத்தேன். பிள்ளைக்காகச் சோதிக்கிறேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஒரு நூல் அசைந்தால்கூட எனக்குக் குளிர்ந்திருக்கும். அசையவில்லை. என் பேத்தி தொங்கப்போகிற கொக்கி அல்லவா என்று அப்புறம்தான் உறைத்தது. ஸ்டூலை விட்டு இறங்கினேன்.

"என்னட்டி மரம் மாதிரி நிக்க? உன் சேலை ஒண்ண எடுத்துட்டு வா. எஞ்சேல ஈரமாக் கெடக்கு."

என் சேலை காய்ந்துதான் இருந்தது. இஸ்திரி போட்டு எடுத்து வந்திருந்தேன். அவள் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. பீரோவின் அடித்தட்டைத் திறந்து ஒரு நூல் சேலையை எடுத்தாள். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகியிருந்தது. அந்துருண்டை வாசம் குப்பென்று அடித்தது. எத்தனை வருஷமாக எடுத்து வைத்திருந்தாளோ.

அவள்தான் கட்டினாள். பிள்ளையைப் போட்டதும் அது ஒரு தடவை கைகளை விரித்துப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனது. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. என் மடியில் அது அப்படி ஒரு நாளும் தூங்கியதில்லை.