திங்களா, செவ்வாயா?

ரயில்வேயில் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். துடைப்பம் வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன் கேட்டு, ஒப்பிட்டு, மேலதிகாரியின் ஒப்புதல் பெற்றுத்தான் வாங்குவோம். துடைப்பம் வந்து சேர்வதற்குள் குப்பை காற்றில் போயிருக்கும். ஆனால் தணிக்கையில் யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. என் சொந்தத் தொழிலுக்கு சாஃப்ட்வேர் வாங்கப் புறப்பட்டபோதும் அந்த முறையைத்தான் நம்பினேன்.

தொழில் இதுதான்: ஸ்ரீரங்கத்திலிருந்து வெளிநாடு போய்விட்டவர்களுக்கு, அவர்களுடைய பெற்றோரின் திதி இந்த வருஷம் எந்தத் தேதியில் வருகிறது என்று பஞ்சாங்கம் பார்த்து முன்கூட்டியே சொல்வது. இறந்த தேதி மாறாது. திதி வரும் நாள் வருஷா வருஷம் மாறும். அதைப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை, எனக்கு இருந்தது. முதலாளி, குமாஸ்தா, பியூன் எல்லாம் நானே. உறவுக்காரர்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவரை தலையிலேயே வைத்துக்கொண்டேன். மற்றவர்களும் சேரத் தொடங்கியதும் தலை இடம் கொடுக்கவில்லை.

சத்திரம் பேருந்து நிலையத்தின் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் என் தொழிலைக் கேட்டுவிட்டு, பில் போட ஒன்று, வைரஸைத் தடுக்க ஒன்று, எல்லாவற்றையும் நகலெடுத்து வைக்க ஒன்று, வாடிக்கையாளர்களைப் பராமரிக்க ஒன்று என்று அடுக்கினார். அவர்களைப் பராமரிக்க வீட்டில் மனைவிமார் இருக்கிறார்கள் என்றேன்.

"மேடம், இதுல எது அத்தியாவசியம்னு நீங்கதான் சொல்லணுங்க."

அதைக் கேட்கத்தான் பஸ் ஏறிப் போயிருந்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்ததில் ஒன்று மட்டும் தேறியது. நான் ஒரு நாளைக் குறித்து வைத்தால், அது தானாகவே வாடிக்கையாளரின் போனுக்குப் போய்ச் சேரவேண்டும். அதற்கு ஒரு காலண்டர் சாஃப்ட்வேர் போதும். இலவசமாக ஒன்று கிடைத்தது. காசு கொடுத்து வாங்குவது இன்னொன்று, முதல் மாதம் மட்டும் சும்மா பார்க்கலாம். மூன்றாவது கொட்டேஷனுக்கு ஆள் இல்லை. விதி அங்கேயே மீறப்பட்டுவிட்டது. இரண்டிலும் ஒரே விவரத்தை ஏற்றி ஒப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

சில நாளில் நியூ ஜெர்சியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். போன வருஷம் அவருடைய அப்பா இங்கே காலமானபோது விமானம் கிடைக்காமல், காரியங்களை போன் திரையில் பார்த்தவர். இது முதல் வருஷத் திதி.

"மாமி, உங்ககிட்டேர்ந்து ரெண்டு மெசேஜ் வந்திருக்கு. ஒண்ணு திங்கள்ங்கறது, ஒண்ணு செவ்வாய்ங்கறது. எனக்கு ஒரு நாள்தான் லீவு தருவா. அன்னிக்குத்தான் வர முடியலை. இதையாவது சரியா பண்ணணும்."

சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்றேன். அங்கே திதி செய்துவைக்கும் வாத்தியாருக்கும் அலுவலகத்துக்கும் அதற்குமேல் தாமதிக்க முடியாதாம்.

நான் இரண்டிலும் செவ்வாய் என்றுதான் ஏற்றியிருந்தேன். திங்கள் எங்கிருந்து வந்தது? கடைக்காரருக்கு போன் செய்தேன். இலவச சாஃப்ட்வேர் என் செவ்வாயை நம்மூர் நள்ளிரவிலிருந்து எண்ணுகிறதாம். அப்போது அமெரிக்காவில் இன்னும் திங்கள்தானாம். அதனால் அவருக்குத் திங்கள் என்று காட்டிவிட்டது. காசு கேட்பது அந்த அசட்டுத்தனத்தைச் செய்யாமல், செவ்வாயைச் செவ்வாயாகவே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. ஆக, காசு கேட்பதே சிறந்தது, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் ஒரே ஒருவர் கருத்தை வைத்து கோப்பை மூடிப் பழக்கமில்லை. அடுத்த தெரு வாத்தியாரிடம் போனேன்.

"சில பேர் நம்மூர் தேதியையே வெச்சுக்கறா, மாமி. சில பேர் அந்தந்த ஊர்ல மத்தியானத்துக்கு மேல என்ன திதி இருக்கோ அதுதான் கணக்குங்கறா. ரெண்டுக்கும் ஆதாரம் இருக்கு."

"நீங்க எதைச் சொல்றேள்?"

"நான் அமெரிக்கா போனதில்லையே."

பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தத் திதி இங்கே திங்கள் விளக்கு வைக்கும் நேரத்தில் பிறந்து, செவ்வாய் விளக்கு வைப்பதற்குள் முடிகிறது. இங்கே விளக்கு வைக்கும்போது அங்கே காலை. அப்படியானால் அங்கே திதி திங்கள் காலையில் பிறந்து செவ்வாய் காலையில் போய்விடுகிறது. செவ்வாய் மத்தியானம் அவர் இலை போட்டு உட்காரும்போது அப்பாவின் திதி அங்கே இருக்காது.

மறுபடியும் போட்டுப் பார்த்தேன். திங்கள்தான் வந்தது. நேரம் தெரியாமல் உளறிய சாஃப்ட்வேர் சொன்னது சரி. எல்லாம் அறிந்து ஒழுங்காக நடந்துகொண்டது சொன்னது தப்பு. அந்தத் தப்பும் அதனுடையதல்ல, நான் எழுதிக் கொடுத்தது. எதைத் தேர்வு செய்வது, என்ன காரணம் எழுதுவது? இதற்கு எந்த விதியிலும் இடமில்லை.

விளக்கேற்றிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். திங்கள் என்றேன்.

"நிச்சயமா, மாமி?"

வேலையில் இருந்த காலத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஒப்புதல் இருக்கிறதா என்று மட்டுமே கேட்பார்கள்.

"நீங்க உங்க ஊர் மத்தியானத்துல பண்ணப்போறேள். அப்போ அங்க இருக்கற திதியைச் சொல்றேன். வேற மாதிரி சொல்றவாளும் இருக்கா. எனக்குச் சரின்னு படறது இதுதான்."

"அப்போ திங்களே லீவு சொல்லிடறேன்."

அந்தச் செவ்வாய் காலை நான் காபி போட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எல்லாம் நிறைவாக நடந்ததாம், மனசு லேசாக இருக்கிறதாம். கடைசியில், இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறதே, எந்த சாஃப்ட்வேர் என்று கேட்டிருந்தார்.

இன்னும் முடிவாகவில்லை என்று பதில் போட்டேன். சும்மா பார்க்கும் மாதம் முடியப்போவதால், தொடரவா வேண்டாமா என்று ஒன்று தினமும் கேட்கிறது. மற்றது எதுவும் கேட்பதில்லை. இரண்டும் வேறு வேறு நாள் சொன்னால் பஞ்சாங்கத்தை எடுக்கிறேன். ஒரே நாளைச் சொன்னால், இரண்டும் என் தப்பையே திருப்பிச் சொல்கின்றனவோ என்று இன்னும் அதிக நேரம் அதோடு உட்கார்ந்திருக்கிறேன்.