மூன்றாவது குவியல்

பட்டன் அக்காவுக்கு வாய் இருந்தது. அந்தக் குடிசைப் பகுதியின் நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து அது ஒன்றுதான் வாய் என்றால் கொஞ்சம்தான் மிகை. தண்ணீர் லாரி வராவிட்டால் அவள்தான் போய்க் கத்துவாள். தெருவிளக்கு எரியாவிட்டால் அவள்தான் மனு எழுதுவாள். சட்டைக் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் சட்டைகளுக்கு வீட்டிலேயே உட்கார்ந்து பட்டன் தைப்பது அவள் பிழைப்பு. ஊருக்காக அலைவது அவளுக்குப் பிடித்திருந்த பைத்தியம்.

அவள் வீட்டுக்காரர் பெயிண்டர். நான்கு வருடத்துக்கு முன்னால் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவருக்கு இரண்டு காலும் விளங்காமல் போயிற்று. காலையிலும் சாயங்காலமும் அவரை முதுகில் சுமந்துகொண்டு மூன்று சந்து தாண்டிப் பொதுக் கழிப்பறைக்குப் போவாள். மனுஷன் நல்ல உயரம். கால் இரண்டும் தரையில் இழுபடும். அங்கே வரிசை நிற்கும். சிலர் வழி விடுவார்கள், சிலர் விடமாட்டார்கள், அவர்களுக்கும் அவசரம்தானே. ஈரத் தரையில் அவரை இறக்கிவைக்க மனசு வராமல், முதுகில் வைத்துக்கொண்டே நிற்பாள். வீட்டிலேயே ஒரு பாத்திரம் வைத்துப் பார்க்கக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு, அந்த வீடு ஒற்றை அறை என்பது தெரியாது. கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளித்தான் வெள்ளைச் சட்டை மூட்டைகள். கம்பெனி ஆள் ஒவ்வொரு மூட்டையையும் மோந்து பார்த்துத்தான் எடுப்பான்.

அதனால், வீட்டோடு சேர்த்துக் கழிப்பறை கட்டித் தருகிறோம் என்று ஒரு திட்டம் வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டப்போவது அறுபதுதான். யாருக்கு என்பதை அதிகாரிகள் சொல்லமாட்டார்கள், இங்கே வாழ்கிறவர்களே கூடி முடிவு செய்ய வேண்டும். வீட்டுக்கு ஒரு சீட்டு எழுதி, கூட்டத்தில் ஒவ்வொன்றாக எடுத்து மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். முதல் குவியல், ரொம்பக் கஷ்டப்படுகிறவர்கள்; கழிப்பறை இந்தக் குவியலில் சேரும் அறுபது வீட்டுக்குத்தான். இரண்டாவது, சுமார். மூன்றாவது, சமாளித்துக்கொள்கிறவர்கள்.

கூட்டத்தை நடத்தும் பொறுப்பு வேறு யாருக்கு வரும்? அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு விதிகள் போட்டாள். ஒரு வீட்டின் சீட்டு வரும்போது அந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறக்க விட்டால் நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒப்பாரி வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அக்கம்பக்கத்தார்தான் பேச வேண்டும். அதோடு, கூட்டம் நடத்துகிறவள் முந்திக்கொண்டாள் என்று யாரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்று, தன் சீட்டைக் கட்டின் அடியில் வைத்தாள். நியாயஸ்தி என்ற பேர் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன், அவளிடம் வேறு சொத்து எதுவும் இல்லை.

தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து வெட்டவெளியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் நடந்தது. சண்டை சச்சரவு இல்லாமல் மத்தியானத்துக்குள் நூற்றுப் பதினோரு சீட்டும் பிரிந்துவிட்டன. கடைசிச் சீட்டை அவளே எடுத்து அவளே படித்தாள். "பெயிண்டர் வீடு."

வெல்டிங் கடைக்காரர் எழுந்தார், பட்டன் அக்கா மேல் உண்மையான மரியாதை உள்ளவர்.

"நம்ம அக்காவுக்கு என்ன கொறச்சல்? நாலு கலர்ல செவுரு, அதுக்கு பார்டர் வேற. நம்ம ஏரியாவுலயே அது ஒண்ணுதான் பங்களா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்த நான்கு நிறமும், மனுஷன் நடமாடிய காலத்தில் பங்களாக்களில் மிஞ்சிய டப்பாக்களைச் சுரண்டிக் கொண்டுவந்து பூசியது. அது அவர்களுக்கும் தெரியும். பெருமையாக ஒரு வார்த்தை சொன்னார்கள், அவ்வளவுதான். அவளும் சிரித்துவிட்டாள். புகழும்போது சிரிக்காமல் என்ன செய்வது? சிரிப்பு அடங்குவதற்குள் சீட்டு மூன்றாவது குவியலில் கிடந்தது. அவள் போட்ட விதி அவள் வாயைக் கட்டிப்போட்டது. அடுத்த வீட்டு இஸ்திரிக்காரியைப் பார்த்தாள். தினமும் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி முதுகில் ஏற்றிவிடுகிறவள். இஸ்திரிக்காரி குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

மறுநாள் திட்ட அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கிருந்த மேடம் நல்லவர்தான், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"இது உங்க ஜனங்க முடிவும்மா. நாங்க கை வைக்க முடியாது. மறுபடி கூட்டம் போடுங்க. உங்கள உள்ள எடுக்கணும்னா ஒருத்தர வெளிய எடுக்கணும். யாரன்னு சொல்லுங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அறுபது வீட்டையும் மனசுக்குள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். நுரையீரல் கெட்டவர், கண் தெரியாதவள், ஒரே அறையில் ஒன்பது பேர். வெளியே தள்ள ஒரு வீடு கிடைக்கவில்லை. நேரே இஸ்திரிக்காரி வாசலுக்குப் போய் நின்றாள்.

"ஏன்டி, உனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"மொதக் குவியல்ல அறுபது சேந்தாச்சு அக்கா. உங்கள வச்சா ஒண்ண எடுக்கணும். கடைசியா இழுபறியில வச்சது என்னுது. வயசுக்கு வந்த பொண்ணுங்க ரெண்டு பேர் இருக்காளுங்க. இருட்டுல அந்தச் சந்துல அனுப்பிட்டு, திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு உசிரு போயிட்டுப் போயிட்டு வருது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "திட்டுங்க அக்கா. வேணும்னா அடிங்க. ஆனா நான் பேசியிருக்க மாட்டேன்."

வாழ்நாளில் முதல் தடவையாகப் பட்டன் அக்காவுக்கு வாய் இல்லாமல் போனது.

வீட்டுக்காரரிடம், நமக்கு அடுத்த தவணையில் வருகிறது என்று சொல்லிவைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்திரிக்காரி வீட்டில் செங்கல் இறக்கினார்கள், கொத்தனார் வந்தார், ஒரு நாள் கதவு வைத்து ஆணி அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் கட்டில் அதிர்ந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

அதற்குப் பிறகுதான் அவர் சாப்பாட்டைக் குறைத்தார். முதலில் பாதித் தட்டை ஒதுக்கினார். அப்புறம் மத்தியானத் தண்ணீரை நிறுத்தினார். உதடு வெடித்திருந்தது.

"என்னங்க இது? சாப்பிடாம கெடந்தா என்ன ஆகறது?"

"படுத்தே கெடக்கேன். எனக்கென்ன பசி? நீ தின்னு."

அவள் கத்தினாள், ஊட்டிப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். மனுஷன் வாயை இறுக்கிக்கொண்டார். கழிப்பறைக்குச் சாயங்கால நடை நின்றது. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆனது. அவர் உடம்பும் லேசாகிக்கொண்டே வந்தது. அவளுக்கு இடுப்பு வலி குறைந்தது, ஒரு நாளைக்கு முப்பது சட்டை கூடுதலாகத் தைக்க முடிந்தது. அது தனக்குச் சுகமாக இருக்கிறது என்று தெரிந்த அன்று, அவளுக்குத் தன்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கத்துவதும் நாளாக நாளாகக் குறைந்துபோனது. ஒரு நாள் காலை தட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒதுக்கவில்லை. தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அப்போதுதான் அவளும் பார்த்தாள். தட்டில் இருந்ததே நாலு வாய்தான். அவளேதான் போட்டிருந்தாள்.

"இது போதும்," என்றார் அவர்.

அவள் எழுந்து போய் இன்னும் கொஞ்சம் கொண்டுவரவில்லை.