பட்டுக்குப் பெட்ரோல் ஆகாது

ஆரணி வெயிலில் பனி உறைந்து பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, எங்கள் வீட்டுத் தோட்டத்தில். ஜெனரேட்டருக்குக் காஸ் போகிற ரெகுலேட்டர் மேல், ஃப்ரிட்ஜுக்குள் இருப்பதுபோல வெள்ளை வெளேரென்று... உள்ளே தறியில் ஒரு கல்யாணப் புடவையின் முந்தி பாதியில் நிற்கிறது. ஜெனரேட்டர் மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கிறது.

யார் செய்த வேலை? நான் செய்ததுதான்.

என் வீட்டுக்காரர் பட்டு நெய்கிறவர். இப்போது பூ வேலைக்கெல்லாம் எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது. தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பூ கூட விழாது. அதற்காகத்தான் ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கி வைத்தோம்.

அங்கேதான் வினை. கரண்ட் போகும். இவர் ஓடிப்போய் பெட்ரோல் ஊற்றுவார், கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு மறுபடி தறியில் உட்காருவார். பட்டு சும்மா இருக்குமா? அது எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். தறியில் புடவை இருக்கும்போது எங்கள் வீட்டில் அப்பளம் பொரித்தால்கூட நடுக்கதவைச் சாத்திவிட்டுத்தான் பொரிப்பேன். அப்பளத்துக்கு அவ்வளவு ஜாக்கிரதை, பெட்ரோலை மறந்துவிட்டோம்!

இரண்டு மாதம் முன்பு ஒரு புடவை திரும்பி வந்தது. தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவும், குறுக்கே ஓட்டுகிற பட்டும் கொடுத்து எங்களை நெய்யச் சொல்கிற முதலாளி, அதைப் பிரித்து எங்கள் முன்னால் போட்டார்.

"இன்னாங்க இது, புடவையா பெட்ரோல் பங்க்கா? கல்யாணப் பொண்ணோட அம்மா மோந்து பாத்துட்டு மூஞ்ச திருப்பிக்கினாங்க. இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா, பாவுக்கு நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. பாவு வராவிட்டால் தறி வெறும் மரம். எங்களுக்கு வேறு தொழில் தெரியாது. அன்று முழுக்க இவர் சாப்பிடவில்லை. நான் சாமி அறையில் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, 'ஒரு வழி காட்டப்பா' என்று அழுதேன்.

வழி வந்தவாசியில் இருந்தது. தேசூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகிற வழியில், வந்தவாசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜூஸ் கடை. கரண்ட் இல்லை, ஆனால் மிக்ஸி ஓடுகிறது. எட்டிப் பார்த்தால் எங்களுடையதைப் போலவே ஒரு ஜெனரேட்டர் — பக்கத்தில் காஸ் சிலிண்டர்! பெட்ரோல் வாசனை துளி இல்லை. கடைக்காரரிடம் கேட்டேன். பெட்ரோல் ஜெனரேட்டரைத்தான் காஸுக்கு மாற்றியிருக்கிறார். மாற்றிக் கொடுத்த மெக்கானிக் எந்த ஊர்? ஆரணி. எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு.

அவர்தான் சலீம் பாய். வந்து பார்த்தார். கார்புரேட்டரில் இருந்த பெட்ரோலை வடித்தார். காற்று போகிற இடத்தில் ஒரு வளையம் பொருத்தினார், காஸை அளந்து விடுகிற ரெகுலேட்டரை மாட்டினார், ட்யூப் போட்டார். சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொரு இணைப்பிலும் காஸ் கசிந்து முட்டை வருகிறதா என்று பார்த்தார். சமையல் சிலிண்டரைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, கடையில் தனியாக அஞ்சு கிலோ சிலிண்டர் வாங்கவைத்தார்.

புது சாமான் என்றால் பூஜை போடாமல் இருப்போமா? தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு வந்தேன். பாய் துள்ளிக் குதித்து எழுந்தார்.

"அக்கா, பொட்டு வைங்க, பூ வைங்க, எவ்ளோ வேணும்னாலும் வைங்க. கற்பூரத்த மட்டும் அந்தாண்ட எடுத்துகினு போங்க."

தெருவாசலிலேயே காட்டிவிட்டு, சிலிண்டருக்குக் குங்குமம் மட்டும் வைத்தேன். கயிற்றை ஒரே இழுப்பு... ஓடியது. என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். வெறும் கை வாசனைதான்!

இந்தச் சமயத்தில்தான் முதலாளி கடைசி வாய்ப்பாக ஒரு கல்யாணப் புடவை கொடுத்திருந்தார். வியாழக்கிழமை காலை வேண்டும். செவ்வாயன்று பராமரிப்புக்காக சாயந்திரம் வரை கரண்ட் இருக்காது என்று மெசேஜ் வந்தது. பாக்கி இருந்ததோ முந்தி — புடவையிலேயே அதிகம் பூ விழுகிற இடம்.

காலை ஒன்பதுக்கு ஜெனரேட்டரைப் போட்டோம். இரண்டு மணி நேரம் அருமையாக ஓடியது. பிறகு விக்க ஆரம்பித்தது. நான் போய்ப் பார்த்தேன். சரி, காஸ் தீர்கிறது என்று நினைத்தேன். அடுப்பில் காஸ் குறைந்தால் நாம் என்ன செய்வோம்? சிலிண்டரைப் படுக்க வைத்து, இன்னும் ஒரு வேளைச் சோற்றை வடித்துவிடுவோம் இல்லையா? அதையே செய்தேன். யாரையும் கேட்கவில்லை.

இரண்டு நிமிஷம். ரெகுலேட்டர் வெளுத்தது. எஞ்சின் நின்றது. உள்ளே பெட்டியும் நின்றது. இவர் தறியைவிட்டு எழுந்து வந்து, பனியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

பாய்க்குப் போன் போட்டேன்.

"அக்கா, சிலிண்டர் எப்டி இருக்குது? நிக்குதா, படுத்துகினு இருக்குதா?"

"படுத்துகினு இருக்குது பாய்."

பாய் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் போனிலேயே கேட்டது.

"அது இன்னா ஆஸ்பத்திரியா, படுக்க வெக்கிறதுக்கு? வால்வ மூடிட்டு நிக்க வைங்க, ஜல்தி. வீட்லயும் இந்த வேலைய செய்யாதீங்க, ஆபத்து."

பிறகு பொறுமையாக விளக்கினார். நிற்கிற சிலிண்டரிலிருந்து காஸ் ஆவியாக வரும். படுத்தால் திரவமாகவே வந்துவிடும். எஞ்சின் ஆவியைத்தான் குடிக்கும். திரவம் புகுந்ததால்தான் ரெகுலேட்டர் உறைந்துவிட்டது. காஸ் தீரவும் இல்லையாம்! சின்ன சிலிண்டர் விடாமல் ஓடினால் குளிர்ந்துபோய் விக்குமாம். பனி தானாகக் கரைகிற வரை விடுங்கள், சிலிண்டரைச் சாதாரணத் தண்ணீர் டப்பில் நிற்க வையுங்கள், சுடுதண்ணீர் கூடவே கூடாது என்றார்.

அந்த ஒன்றரை மணி நேரம்... நான் சொல்லாத கந்தன் பேர் இல்லை. அப்போது ஒன்று புரிந்தது. தெரியாத விஷயத்தில் நாம் பத்துப் பேரைக் கேட்கிறோம். தெரிந்ததாக நினைக்கிற விஷயத்தில்தான் யாரையும் கேட்காமல் குழியில் விழுகிறோம். ஜெனரேட்டர் எனக்குப் புதுசு, அதைத் தொடவில்லை. சிலிண்டரோ என் அடுப்படிச் சாமான். அதைத்தான் கவிழ்த்தேன்!

பன்னிரண்டரைக்கு இவர் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பு, இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவதில் உறுமிக்கொண்டு எழுந்தது பாருங்கள்... உள்ளே தறி சத்தம் கேட்டதும் நான் அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டேன். சாயந்திரம் கரண்ட் வரும்வரை அது நிற்கவே இல்லை. புதன்கிழமை மதியம் புடவையைத் தறியிலிருந்து அறுத்தோம்.

வியாழக்கிழமை முதலாளி அதை மடியில் போட்டுப் பிரித்தார். கரையை மோந்தார். புடவையின் உடலை மோந்தார். முந்தியில் முகத்தையே புதைத்தார். அப்புறம் உள்ளே பார்த்து அவர் சம்சாரத்தைக் கூப்பிட்டு, அந்தம்மாவையும் மோந்து பார்க்கச் சொன்னார்.

அந்தம்மா சிரித்துவிட்டார். "பட்டு வாசனதாங்க வருது. வேற இன்னா வரணும்?"

முதலாளி புடவையை மடித்தார். "நாளைக்கு வந்து பாவு எடுத்துக்குங்க. ஒண்ணு இல்ல, ரெண்டு."

தெருவில் இறங்கியதும் என் வீட்டுக்காரர் முன்னால் நடந்தார். முருகன் கோயில் வாசலில் நின்று இரண்டு முழம் மல்லி வாங்கினார், ஒன்று சாமிக்கு, ஒன்று எனக்கு.

முதல் முழத்தை என்னிடம்தான் நீட்டினார்... முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரும் குடும்பஸ்தர்தானே!