ஏழு கிலோவுக்கு மேல் ஒரு மஞ்சள் முடிச்சு

“அண்ணே... ஒரு ரெண்டு கிலோதாண்ணே. ஒங்க பேக்ல வச்சுக்கிறீங்களா? அங்கிட்டு எறங்குனதும் வாங்கிக்கிறேன்.”

போன வாரம் திருச்சி ஏர்போர்ட்டில், செக்-இன் வரிசையில், முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னிடம் கேட்டது இது. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அவசரப்படாதீர்கள். முழுதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கீரனூரில் இருந்து திருச்சிக்குச் சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் அந்த ஏர்போர்ட்டை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போவேன். மளிகைக் கடைக்காரனுக்கு அதற்குள் என்ன வேலை? மகன் துபாய்க்கு வேலைக்குப் போன பிறகுதான் எனக்கும் என் வீட்டுக்காரி கமலாவுக்கும் அந்த வாசலுக்குள் கால் வைக்கிற யோகத்தை முருகன் கொடுத்தான். இது இரண்டாவது பயணம்.

மகன் போனில் பாடமே நடத்தியிருந்தான். “அப்பா, கேபின் பேக் ஏழு கிலோதான். கூடுனா கவுண்டர்ல மல்லுக்கட்டணும். அப்புறம், முக்கியமா... யாரு எதைக் குடுத்தாலும் கையில வாங்காதீங்க. அழுதாலும் சரி, கால்ல விழுந்தாலும் சரி. உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. மாட்டுனா நாமதான் கம்பி எண்ணணும்.”

பையைக் கடைத் தராசிலேயே வைத்து நிறுத்தேன். அஞ்சைத் தாண்டவில்லை. “எடம் இருக்குல்ல?” என்றாள் கமலா. மகனுக்குக் குருமா என்றால் உயிர். கமலாவுக்கோ அந்த ஊர்க் கடைச் சாமானில் நம்பிக்கை கிடையாது. பட்டை, சோம்பு, ஏலக்காய் என்று குருமாவுக்கு வேண்டிய அத்தனையையும் பொட்டலம் பொட்டலமாக என்னையே மடிக்கச் சொல்லி, உள்ளே அடுக்கிவிட்டாள். பெரிய பெட்டியில் வைத்தால் துணியெல்லாம் மசால் வாசனை ஏறிவிடுமாம்.

சரி, வரிசைக்கு வருகிறேன்.

இந்த ஏழு கிலோவை யாராவது சட்டமாக நினைக்கிறார்களா? சவாலாகத்தான் நினைக்கிறார்கள்! சட்டை மேல் சட்டை, அதற்கு மேல் ஒரு கோட்டு என்று போட்டுக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நிற்கிறார் ஒருவர். எடை போடும் நேரத்துக்கு மட்டும் ஒரு பையைத் தூணுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார் இன்னொருவர். “பாத்தியா கமலா... இதுக்கெல்லாம் ஒரு பொழப்பு” என்று நான் சிரித்தேன். சிரித்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு முன்னால் நின்றவர்தான் அந்த அம்மா. பெயர் பழனியம்மாள். குளத்தூர்ப் பக்கம். ஐம்பதைத் தாண்டியிருக்கும். துணைக்கு யாரும் இல்லை.

அவருடைய பையை எடையில் வைத்த கவுண்டர் பெண் உதட்டைப் பிதுக்கினாள். “ஒன்பதுக்கு மேல காட்டுதும்மா. பெரிய பெட்டியும் ஃபுல்லா இருக்கு. ஓரமாப் போயி ரெண்டு கிலோ எடுத்துட்டு வாங்க. இல்லைன்னா எக்ஸ்ட்ரா கட்டணும்.”

எங்களுக்குப் பின்னால் காதில் இயர்போனோடு நின்ற ஒரு இளைஞன் சத்தமாகவே சொன்னான். “ஏழு கிலோன்னா வீட்லயே நிறுத்துட்டு வர மாட்டாங்களா? இவங்களால எல்லாரும் நின்னு சாகணும்.”

பழனியம்மாள் தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்தார். சேலை, கம்பளி, குழந்தைக்குப் பழந்துணி... ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தார். எதைத்தான் விடுவது? கடைசியில் ஒரு மஞ்சத்துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வை எங்கள் மேல் வந்து நின்றது.

அப்புறம்தான் அந்த ‘ரெண்டு கிலோதாண்ணே’.

நான் பதில் சொல்வதற்குள் கமலாவின் கை நீண்டுவிட்டது. நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன்.

“என்னங்க... பாவம்ங்க. நம்ம பேக்ல எடம் இருக்கு.”

“ஒன் மகன் என்ன சொன்னான்?”

“அவன் சொன்னது திருட்டுப் பயகளைப் பத்தி. இந்த மதினியப் பாத்தா அப்படியா தெரியுது?”

“திருடன் நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வருவான்?”

மெதுவாகப் பேசுவதாகத்தான் நினைப்பு. ஆனால் அந்த அம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

“என்னையப் பாத்தா அப்படியாண்ணே தெரியுது?”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். 

துபாயில் இருக்கிற மகளுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துக் கரு தரித்திருக்கிறதாம். இன்றைக்கோ நாளைக்கோ என்று நாள் நெருங்கிவிட்டது. மூட்டைக்குள் இருப்பது பேறுகாலச் சாமான். “விட்டுட்டுப் போகலாம்னா யாருகிட்டண்ணே விடுறது? தம்பி வாசல்ல எறக்கி விட்டுட்டு அப்பவே பஸ் ஏறிட்டான்.”

“அப்படின்னா ஒண்ணு செய்யுங்க. இங்கேயே அவுத்துக் காட்டுங்க. பாத்துட்டு வாங்கிக்கிறேன்” என்றேன்.

அவர் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“விராலிமலையில முருகன் பாதத்துல வச்சு வாங்குன முடிச்சுண்ணே. மக கையாலதான் அவுக்கணும்னு வேண்டுதல்.”

நான் என்ன செய்வேன்? மகனுக்கு வேலை அமைய வேண்டும் என்று மஞ்சத்துணியில் காசு முடிந்து, சாமி படத்தடியில் வைத்துக் காத்துக் கிடந்தவன் நான். அந்த முடிச்சின் மேல் தூசி தட்டக்கூடப் பயப்பட்டவன். இப்போது இன்னொருத்தர் வேண்டுதல் முடிச்சை நடு ஏர்போர்ட்டில் அவிழ் என்கிறேன். அவிழ்க்கச் சொன்னால் பாவம். அவிழ்க்காமல் வாங்கினால் ஆபத்து. வாங்கவே மாட்டேன் என்றால், பேறுகாலச் சாமான் குப்பைத் தொட்டிக்குப் போகும்.

“சார், உங்க டர்ன்” என்றாள் கவுண்டர் பெண்.

“போங்க சார்... போயித் தொலைங்க சார்” என்றான் பின்னால் நின்றவன்.

நான் நகரவில்லை. “தப்பா நெனைக்காதீங்கம்மா. பாக்காம வாங்க மாட்டேன்.”

பழனியம்மாள் கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. நான் முடிச்சில் கை வைக்கப் போனேன். அவர் தடுத்தார். “நீங்க வேணாம்ண்ணே. என் வேண்டுதலு. பாவமோ புண்ணியமோ, நானே அவுக்குறேன்.”

அவிழ்த்தார். இறுக்கிப் போட்ட முடிச்சு. பல்லால் கடித்துத்தான் இளக்க வேண்டியிருந்தது.

உள்ளே என்ன இருந்தது? சுக்கு. திப்பிலி. ஓமம். மலைப்பூண்டு. ஒரு விபூதிப் பொட்டலம். கவரில் கட்டிய கசகசா. அவ்வளவுதான்! இதற்கா இந்தப் பாடு? என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கமலா என்னைப் பார்த்த பார்வை... அதை எழுத வேண்டாம்.

அப்போது பின்னால் நின்ற இளைஞன் இயர்போனைக் கழற்றினான். குரல் அடியோடு மாறியிருந்தது.

“அம்மா... அது கசகசாவா?”

“ஆமாப்பா. மகளுக்குத் தூக்கம் வரலைன்னா பாலுல அரைச்சுக் குடுக்க.”

“தூக்கிப் போடுங்கம்மா. மொதல்ல தூக்கிப் போடுங்க. அந்த ஊர்ல இது போதை மருந்துக் கணக்கு. தெரியாமக் கொண்டாந்தேன்னு சொன்னாக்கூட விட மாட்டாங்க. ஜெயில்தான்.”

“கசகசாவா?” என்று கேட்டது நான்தான். தினமும் என் கையால் நிறுத்துக் கொடுக்கிற சரக்கு!

“ஆமா சார். அபினி எடுக்கிற செடியோட விதைதான் அது. எங்க ரூம்ல ஒருத்தனுக்கு அம்மா மசால் சாமான்ல வச்சுக் குடுத்து விட்டாங்க. அவன் வெளிய வர்றதுக்குள்ள வேலையும் போச்சு, மானமும் போச்சு. ஒரு மணி விதை கூட இருக்கக்கூடாது சார்.”

பழனியம்மாள் அந்தக் கவரைச் சட்டென்று தனியே எடுத்தார். “ஆத்தாடி... மக வலியில கெடக்கயில நான் ஜெயில்லயா இருந்திருப்பேன்?”

சாமி பாதத்தில் வைத்ததைக் குப்பைத் தொட்டியில் போடுவதா? அந்தக் கவரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “முருகா, பொறுத்துக்கய்யா” என்று தொட்டிக்குள் போட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“வேணாம்ண்ணே. நீங்க எதுவும் வாங்க வேணாம். நான் கட்டுனதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியல. இதை ஒங்க தலையில ஏத்தப் பாத்தேனே.”

நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

கமலா எங்கள் பையைத் திறந்துகொண்டிருந்தாள். 

“என்னடி?”

“குருமா சாமாங்க...”

பட்டைக்கும் சோம்புக்கும் அடியில் இருந்தது. என் கடைப் பொட்டலம். நூல் சுற்றியது என் கை. கசகசா இல்லாமல் குருமா ஏது?

அது மட்டுமா? பொட்டலம் ஓரத்தில் கிழிந்து, வெள்ளை வெள்ளையாக மணிகள் பைக்குள் சிந்திக் கிடந்தன.

ஊரார் மூட்டையைச் சந்தேகப்பட்டு அவிழ்க்க வைத்தேனே... என் கையிலேயே அல்லவா தொங்கிக்கொண்டிருந்தது? யாரிடமும் எதையும் வாங்காதே என்ற மகன், வீட்டில் கட்டியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே மண்டி போட்டுவிட்டோம். பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பையைக் கவிழ்த்து உதறினோம். கைக்குட்டையை நனைத்துத் தையல் தையலாகத் துடைத்தோம். ஒரு மணியை எடுத்தால் இரண்டு தெரிந்தது. பழனியம்மாளும் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து துணியை உதறினார். ‘போயித் தொலைங்க’ என்ற அந்தத் தம்பி செல்போன் லைட்டை அடித்து மூலை மூலையாகக் காட்டினான். அவனைத் தாண்டி வரிசை முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மஞ்சத்துணியை நன்றாக உதறி, மிச்சச் சாமானை வைத்து மறுபடி முடிந்தோம். வேண்டுதல் என்னவாகும் என்று கலங்கினார் பழனியம்மாள். கமலா விபூதியை எடுத்து அவர் நெற்றியில் பூசிவிட்டாள். “மலையில இருக்கவன் அவுக்கச் சொல்லித்தான் மதினி அவுத்தீங்க. இனிமே ஒங்க மக அவுக்கட்டும்.”

எடை மட்டும் இன்னும் ஏழுக்கு மேலேயே நின்றது. கமலா அவரை பாத்ரூமுக்குக் கூட்டிப் போனாள். திரும்பி வந்தபோது அந்த அம்மா உருண்டு திரண்டு இருந்தார். சேலைக்கு மேல் சேலை, அதற்கு மேல் கம்பளி! எடை சரியாக இருந்தது. கவுண்டர் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்... சிரித்துக்கொண்டே பையில் அட்டையை மாட்டிவிட்டாள். ‘இதுக்கெல்லாம் ஒரு பொழப்பு’ என்று சொன்ன ஆளும் பக்கத்தில்தான் நின்றான். 

விமானத்தில் பையை மேலே வைக்க எனக்கு மனசு வரவில்லை. முன் சீட்டுக்கு அடியில் வைத்துக் காலால் அணைத்துக்கொண்டேன். ஏதாவது ஒரு மடிப்பில், ஒரே ஒரு மணி மிச்சம் இருந்தால்? கந்த சஷ்டி சொல்லத் தொடங்குவேன். நடுவில் பையின் பக்கவாட்டு ஜிப் ஞாபகம் வரும். துடைத்தோமா? துடைக்கவில்லையா? மறுபடி முதலில் இருந்து சொல்லுவேன்.

துபாயில் இறங்கினோம். முன்னால் போன பழனியம்மாளை விட்டுவிட்டார்கள். எங்கள் பையைத்தான் ‘இங்கே வை’ என்று விரலால் காட்டினார் ஒரு சுங்க அதிகாரி.

கமலா என் முழங்கையைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்த இடம் மறுநாளும் சிவந்திருந்தது.

ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தார். சோம்பை முகர்ந்தார். ஏலக்காயை நசுக்கினார். கடைசியில் பையின் அடித்தையலில் விரலை விட்டு ஒரு இழுப்பு இழுத்து, விரல் நுனியை வெளிச்சத்தில் பார்த்தார்.

எனக்கு முருகா என்று சொல்லக்கூட வரவில்லை.

அவர் விரலைத் துடைத்துக்கொண்டார். கையை அசைத்தார். போகலாம்!

வெளியே வந்தால், அந்த வெயிலில் சேலைக்கு மேல் சேலையோடு, கம்பளியும் கழற்றாமல் நிற்கிறார் பழனியம்மாள். மருமகன் பையை வாங்கி வைத்துக்கொண்டு கூப்பிடக் கூப்பிட, அவர் எங்களுக்காகக் காத்திருந்தார். எங்களைக் கண்டதும் மஞ்சள் முடிச்சைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். ஆட்டோவுக்குக் கை காட்டுகிற மாதிரி. கமலா அழுதுவிட்டாள்.

நான் அவருக்கு உதவி செய்வதா வேண்டாமா என்று அவ்வளவு நேரம் தர்க்கம் பண்ணினேன். உதவி செய்ய வந்தது அவர்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் பை ஏழுக்குள் அடங்கியிருந்தால், எங்களிடம் கேட்டிருக்கவே மாட்டார். முடிச்சு அவிழ்ந்திருக்காது. நாங்கள் குருமா சாமானோடு நிமிர்ந்து நடந்து போய் அந்த விரலிடம் மாட்டியிருப்போம்.

அன்று மதியம் கமலா குருமா வைத்தாள். மகன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தான். “என்னம்மா, குருமா கொஞ்சம் நீத்துப் போன மாதிரி இருக்கு?”

நான் இன்னொரு கரண்டி வாங்கி ஊற்றிக்கொண்டேன்!