எலுமிச்சம்பழத்துக்கு ஒரு சாண் முன்னால்

அன்று காலை வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்தில் விஜயா டீச்சருக்காகக் காத்திருந்தேன். அவருடைய பழைய ஏழு சீட்டு வண்டி பிரேக் வேலைக்காகப் பட்டறையில் கிடந்ததால், அந்த வாரம் இருவரும் பஸ்ஸில்தான் கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தோம். அவர் வரவில்லை. போன் செய்தேன். பெங்களூரிலிருந்து முதல் நாள் வந்திருந்த மகன் சரவணன் எடுத்தான். "அக்கா, அம்மா எழுந்திருக்கல. டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு" என்றான். சரி என்றேன். பூக்கடைக்குப் போய் மாலை வாங்கினேன், பத்து ரூபாய்க்குப் பேரம்கூடப் பேசினேன்.

நம் பள்ளியில் அந்த வண்டியில் ஏறாதவர் யார் இருக்கிறீர்கள்? தேர்வு மையம், கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதுதான். கணவர் போன பிறகு, ஐம்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டார் டீச்சர். நான் முதல் நாள் ஏறியபோது பயத்தில் மேலே இருந்த கைப்பிடியை விடவேயில்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டார். "அவ்ளோ கெட்டியா புடிக்காத அமுதா. கையோட வந்துடப் போவுது, பழைய வண்டி" என்றார். பின்சீட்டே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

டீச்சர் போவதற்கு முந்தின வாரம் ஒரு வளைவில் ஆடு குறுக்கே வந்தது. பிரேக் கிறீச்சிட்டு, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் வண்டி நின்றது. ஆடு தப்பியது. டீச்சர் மறுநாளே வண்டியை ரஃபிக் பாய் பட்டறையில் விட்டார். முன்சக்கர வேலைக்கே இருபத்திரண்டாயிரம் ஆகும் என்றார் பாய். வண்டியை விற்பதென்று ஏற்கெனவே பேச்சாகி, வாங்குவதற்கு ஆளும் வந்திருந்தார். அப்புறம் எதற்கு இந்தச் செலவு என்று போனில் குதித்தான் சரவணன், வாங்குபவன் போட்டுக்கொள்ளட்டுமே என்றான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "வாங்கறவன் பட்டறைக்குப் போற வரைக்கும் எதை மிதிச்சுடா நிறுத்துவான்? நிக்கற வண்டியாத்தான் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

பட்டறையில் வேலை முடிந்தால் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்புவது நம் ஊர் வழக்கம். டீச்சர் மட்டும் அதில் ஒன்றை எடுத்துப் போய்த் தெருவில் தள்ளி வைப்பார். வேகமாக வந்து, பழத்துக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்துவார். "நசுக்கறதுக்கு எந்த வண்டியும் போதும். நசுக்காம நிக்கணும்" என்பார். ஒரு முறை அந்தப் பழத்தையே பள்ளிக்கு எடுத்து வந்து எல்லோருக்கும் ஜூஸ் போட்டுக் கொடுத்தார்.

அன்று வீட்டில் டீச்சரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் விபூதி. தலைமாட்டில் இருந்த அவருடைய போன் அடித்தது. சரவணன் வாசலில் இருந்தான், நான் எடுத்தேன். ரஃபிக் பாய்.

"டீச்சர், பின்சக்கரம் கழட்டிப் பாத்தேன். பிரேக் அங்கயும் தேஞ்சிருக்கு. மாத்தினா ஜாஸ்தி ஆவும், முப்பத்தஞ்சு தொடும். வேணாம்னா முன்னாடி மட்டும் போட்டுத் தரேன். என்ன சொல்றீங்க?"

டீச்சரின் முகத்தைப் பார்த்தேன்.

"மாத்திடுங்க பாய்" என்றேன்.

"யாரு பேசறது? டீச்சர் இல்லீங்களா?"

"இருக்காங்க" என்றேன்.

காரியம் முடிந்த பிறகு சரவணனிடம் சொன்னேன். "நீங்க யாருக்கா சொல்றதுக்கு?" என்றான். நியாயமான கேள்வி. கூடுதல் பணத்தை நான் தருகிறேன் என்றேன். "முதல் நாள் ராத்திரி அந்த பிரேக்குக்காகத்தான்கா சத்தம் போட்டேன். சாப்புடாமயே போய்ப் படுத்துட்டாங்க" என்றான். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

இருவரும் பட்டறைக்குப் போனோம். முழுப் பணத்தையும் அவனே கொடுத்தான். ரஃபிக் பாய் நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தார். சரவணன் குனிந்து ஒன்றை எடுத்து, நடந்துபோய்த் தெருவில் வைத்துவிட்டு வந்தான். பாயும் நானும் ஓரமாக நின்றோம். வேகமாகத்தான் வந்தான். வண்டி நின்றது. பழம் அப்படியே இருந்தது. அவன் இறங்கவில்லை, ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "அன்னிக்கு இருக்காங்கன்னீங்களே டீச்சர்" என்றார் பாய் என்னிடம், மெதுவாக. குற்றமாகச் சொல்லவில்லை.

வண்டி கைமாறிவிட்டது. நான் பஸ்ஸில் போகிறேன். வேலைகள் எல்லாம் நடக்கின்றன. இன்னும் அழுகை வரவில்லை, ஏனென்று தெரியவில்லை. நேற்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கையில் பையோடு ஒரு அம்மாள் வந்து, பக்கத்து இடத்தைக் காட்டி, "இங்க ஆள் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

"இருக்காங்க" என்றேன்.

அவர் பின்னால் போய்விட்டார். கூப்பிட நினைத்தேன், கூப்பிடவில்லை. டீச்சர் போனபின் என்னிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். கீழ்பென்னாத்தூர் வரும்வரை அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.