வலது முட்டி

முட்டியில் ஆபரேஷன் முடிந்து நான் திரும்பிய முதல் வாரமே, ஆஸ்டின் டவுன் கால்பந்து மைதானத்தில் பயிற்சி ஆட்டம் வைத்தார்கள். காயம்பட்டுத் திரும்பும் ஃபார்வர்டை எங்கள் கிளப்பில் இப்படித்தான் சோதிப்பார்கள். டாக்டர் சொல்வதைக் கோச் நம்பமாட்டார். எதிர்ப்பக்கம் ஆடிய டிஃபெண்டரைக் கூப்பிட்டு, என் காதிலும் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்: "அவ வலது முட்டியிலயே போடும்மா. தாங்குச்சுன்னா டீம்ல இருக்கட்டும். இல்லன்னா வேற பொண்ணப் பாத்துக்கலாம்."

அந்த டிஃபெண்டர் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். மாதக்கணக்கில் அந்த முட்டிக்கு ஐஸ் வைத்தவள். எங்கே தொட்டால் நான் கத்துவேன் என்று அவளுக்கு அத்துப்படி.

பந்தோடு அவளைத் தாண்டும்போது சரியாக அங்கேயே இடித்தாள். விழுந்தேன். எழ முடியவில்லை. கோச் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவள் தோளைத் தட்டினார். "சூப்பர் டேக்கிள்மா."

சாயங்காலம் ஐஸ் பையோடு கட்டிலருகே வந்து நின்றாள். "சாரிக்கா. நான் போடலன்னா என்னையும் டீம்லருந்து தூக்கிடுவாரு."

கெட்ட வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவளைப்போலப் பதமாக ஐஸ் வைக்க வேறு யாருக்கும் தெரியாது. காலை நீட்டினேன்.